தாய், குரல், பதிப்பாளர்: லூயிசா லாசனின் ‘விடியல்’ இதழை அச்சகத்திலிருந்து வாசித்தல்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் சட்டம் 1902ஆம் ஆண்டு நிறைவேறியபோது, சட்டமன்ற உறுப்பினர்களிடம் லூயிசா லாசன் ‘நியூ சவுத் வேல்ஸ் வாக்குரிமையின் தாய்’ என்று அறிமுகம் செய்துவைக்கப்பெற்றார். பின்வந்த ஆய்வுலகமும் அந்தத் தடத்திலேயே நடந்தது. 1978இல் லோர்னா ஒலிஃப் எழுதிய வாழ்க்கை வரலாறு, அவரை எழுத்தாளர் ஹென்றி லாசனின் போராட்டத் தாய் என்று தலைப்பிலேயே அறிவித்தது. 1990இல் ஒலிவ் லாசன் தொகுத்த நூல், அவர் நடத்திய இதழை ஆஸ்திரேலியப் பெண்ணியத்தின் முதற்குரல் என்றது. ஒன்று ‘தாய்’, மற்றொன்று ‘குரல்’. இரண்டும் மதிப்புடைய சொற்களே. ஆயினும் 17 ஆண்டுகள் ஓர் அச்சகத்தை உடைமையாகக் கொண்டு, கூலி கொடுத்து, காகிதம் வாங்கி, விளம்பரம் திரட்டி, திங்கள்தோறும் இதழ் வெளியிட்ட ஒருவரின் தொழிலை இவ்விரு சொற்களில் எதுவும் சுட்டவில்லை.

பொதுவாழ்வில் நின்ற பெண்ணை ‘அன்னை’ என்று அழைத்து, அவர் செய்த வேலையின் பெயரை மறந்துவிடும் வழக்கம் தமிழ்ச் சூழலுக்கும் புதிதன்று. லூயிசாவைப் பொறுத்தவரை இவ்வழக்கம் ஒரு பிழையான வாசிப்புக்கே இட்டுச் சென்றுள்ளது. அவருடைய வாக்குரிமைச் சிந்தனை அச்சகத்தின் உடைமை, கூலி, கையொப்பம் ஆகிய கேள்விகளிலிருந்து முளைத்தது. அவற்றை நீக்கிவிட்டு வாசித்தால், அவர் காலத்தில் பலரும் சொன்னதையே சொன்ன ஒருவராக அவர் சுருங்கிவிடுகிறார். இக்கட்டுரை ‘தி டான்’ என்னும் அவரது இதழைப் பதிப்பாளரின் மேசையிலிருந்து வாசிக்க முயல்கிறது. இதழின் பெயர் இனி ‘விடியல்’ என்றே சுட்டப்பெறும்.

பெயரில்லா உழைப்பு

லூயிசா 1848ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் நியூ சவுத் வேல்சின் மட்ஜி நகருக்கு அருகில் பிறந்தார். 18ஆம் வயதில் நார்வே நாட்டு மாலுமியாக இருந்து தங்கம் தேடவந்த நீல்ஸ் லார்சனை மணந்தார். லார்சன் என்னும் பெயர் பின்னர் லாசன் ஆயிற்று. கணவர் சுரங்கத்தையும் கட்டட வேலையையும் நாடி அடிக்கடி வெளியூர் சென்றுவிட, வறண்ட நிலத்தில் பிள்ளைகளையும் மாடுகளையும் காத்தவர் லூயிசா. தையல் வேலையும் செய்தார். யூருண்டரி என்னும் சிற்றூரில் அஞ்சலகத்தை நடத்தியவரும் அவரே. ஆனால் அஞ்சலகப் பொறுப்பு ஆவணத்தில் கணவர் பெயரில் இருந்தது.

இச்செய்தியை வரலாற்றாசிரியர்கள் அவருடைய உழைப்புக்குச் சான்றாக மட்டுமே கடந்து செல்கின்றனர். இதழாளராக அவர் பின்னாளில் எழுதியவற்றுக்கு இதுவே அடித்தளம் எனலாம். வேலையைச் செய்பவர் ஒருவர். பெயர் பதிவாவது வேறொருவருக்கு. இவ்விடைவெளியை அவர் எந்த நூலிலும் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை.

1883இல் கணவரைப் பிரிந்து பிள்ளைகளுடன் சிட்னி வந்தார். தங்குமிடம் நடத்தியும் தைத்தும் குடும்பத்தைக் காத்தார். 1887இல் ‘ரிபப்ளிகன்’ என்னும் சிற்றிதழை வாங்கி, மகன் ஹென்றியுடன் சேர்ந்து நடத்தினார். அச்சு எந்திரமும் ஈய எழுத்துகளும் கைக்கு வந்தது அவ்வாறே. அடுத்த ஆண்டு, 1888 மே 15ஆம் நாள் ‘விடியல்’ வெளிவந்தது.

முதல் தலையங்கத்தின் உருவகங்கள்

முதல் இதழின் தலையங்கம் டோரா ஃபால்கனர் என்னும் புனைபெயரில் எழுதப்பட்டது. தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொள்ளும் அறிமுகவுரை அது. திருமணமுறிவு, வேலைநேரம் முதலிய பெண்களைத் தொடும் பொருள்களில் எல்லாம் பெண்களைக் கேளாமலே ஆண்கள் சட்டம் செய்கின்றனர் என்னும் குறை அதில் உள்ளது. பெண்களுக்கு ஆன அநீதிகளை வெளிப்படுத்தல், அவர்களுக்காக வாதிடல், வாக்குரிமை கோரல் ஆகியவையே நோக்கம் என்ற அறிவிப்பும் உள்ளது. ஆய்வாளர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டும் பகுதிகள் இவையே. இக்கருத்துகள் அக்காலத்தில் லண்டனிலும் பாஸ்டனிலும் வெளிவந்த பெண்கள் இதழ்களில் தாராளமாகக் காணக்கிடைப்பவை. லூயிசாவுக்கே உரியவை அல்ல.

அவருக்கே உரியவை அத்தலையங்கத்தின் உருவகங்கள். உலகில் எந்த விசித்திரக் கொள்கைக்காரனுக்கும் ஓர் அச்சு எந்திரம் கிடைத்துவிடுகிறது, மனித குலத்தின் மறுபாதிக்காக வாதாட மட்டும் அச்சு மை இல்லை என்னும் பொருள்படத் தொடங்குகிறார். பின்னர் இதழை எக்காளம் என்கிறார். அதன்பின் ஒலிவரைவி, அதாவது ‘போனோகிராஃப்’ என்கிறார். பெண்கள் முணுமுணுப்பவற்றையும் மன்றாடுபவற்றையும் கோருபவற்றையும் சுழன்று உரக்க ஒலிக்கும் பொறி அது. எடிசன் அக்கருவியைக் கண்டு பதினோராண்டுகளே கடந்திருந்த காலம். சிட்னியின் பெரும்பாலான வாசகியர் அதனைக் கண்ணால் கண்டிருக்க வாய்ப்பில்லை. அச்சு எந்திரம், மை, எக்காளம், ஒலிவரைவி என்று வரும் உருவகங்கள் அனைத்தும் கருவிகளாகவே இருப்பது தற்செயலன்று. பெண்ணுக்குக் குரல் இல்லை என்பது அவருடைய குறை அன்று. குரல் எப்போதும் இருந்தது. அதனைப் பெருக்கி ஊருக்குக் கொண்டுசெல்லும் பொறி ஆண்களின் உடைமையாக இருந்தது. இந்நிலையில் இவ்விதழைப் பெண்ணியத்தின் ‘முதற்குரல்’ என்று பெயரிடுவது, ஆசிரியரின் உருவகத்தையே தலைகீழாக்குவதாகும்.

அதே தலையங்கத்தில் இன்னோர் உருவகமும் உண்டு. பெண்களின் வாழ்க்கைத் துயரங்களைச் சுழல்வழிகளாகக் கொண்டால், வெளியேறும் பாதை இது என்று காட்டும் கைகாட்டி மரங்களை நடுவதே இதழின் பணி என்கிறார். கைகாட்டி மரம் புதர்க்காட்டு வாழ்க்கையிலிருந்து வந்த சொல். வழியறியாத இடத்தில் வாழ்ந்தவருக்கே அதன் அருமை தெரியும்.

சமையற்குறிப்பும் விளம்பரமும்

‘விடியல்’ முழுமையும் அரசியல் இதழன்று. வீட்டுக் குறிப்புகள், ஆடைப் பாங்குகள், தையற் படிவங்கள், சமையல், உடல்நலம், கவிதை, சிறுகதை, பிறநாட்டுப் பெண்களைப் பற்றிய செய்திகள் எல்லாம் அதில் இடம்பெற்றன. பெண்ணிய வரலாற்றாசிரியர்களுள் சிலர் இவற்றைச் சமரசம் என்று கருதி ஒதுக்குவர். தொகுப்பாசிரியருக்கோ இடப் பற்றாக்குறை என்னும் காரணம் உண்டு. 1990இல் வந்த தொகுப்பு 1888 முதல் 1895 வரையான இதழ்களிலிருந்து பகுதிகளைத் தேர்ந்து அளித்தது. அந்நூல் செய்த தொண்டு பெரிது. அதுவே லூயிசாவை மகனின் நிழலிலிருந்து மீட்டுப் பாடநூலுக்குள் கொண்டுவந்தது. ஆனால் தேர்ந்தெடுத்த பகுதிகளில் விளம்பரம் இராது. பக்கத்தின் எந்த மூலையில் எது நின்றது என்பதும் இராது.

2012ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ தளத்தில் இதழ் முழுமையும் எண்மவடிவில் ஏறியது. பொதுமக்கள் நன்கொடை திரட்டியே அப்பணி நடந்தது. இப்போது பக்கங்களை முழுமையாகப் பார்க்கும் வாசகருக்கு வேறொரு ‘விடியல்’ தெரிகிறது. வாக்குரிமைக் கட்டுரையும் குழந்தைக்கான மருந்துக் குறிப்பும் அங்கே ஒரே தாளில் அடுத்தடுத்து நிற்கின்றன. இதழுக்குப் புரவலர் எவரும் இல்லை. சந்தாவும் விளம்பரமும், அச்சகம் வெளியாருக்குச் செய்துகொடுத்த அச்சு வேலையுமே அதைத் தாங்கின. தையற்படிவத்துக்காக வாங்கிய வாசகியின் காசில்தான் மணமுறிவுச் சட்டத்தைப் பற்றிய தலையங்கம் அச்சேறியது. அதனினும் முதன்மையானது வேறொன்று: தையற்படிவத்துக்காக வாங்கியவர் தலையங்கத்தையும் கையில் வைத்திருந்தார். கணவன் குடியனாயினும் விட்டோடினவனாயினும் பெண் மணமுறிவு பெற வழிசெய்யும் சட்டத்துக்காக ‘விடியல்’ இடைவிடாது வாதிட்டது. நியூ சவுத் வேல்சில் 1892இல் அவ்விரிவாக்கம் சட்டமாயிற்று. கூட்டத்துக்கு வாராத, துண்டறிக்கை வாங்காத, புதர்க்காட்டுக் குடிசைப் பெண்ணிடம் அவ்வாதம் சென்றது சமையற்குறிப்பின் துணையோடுதான். இதனைச் சமரசம் என்பது, இதழ் நடத்துவதன் கணக்கை அறியாதார் கூற்று.

1889: அச்சுக்கோப்போர் புறக்கணிப்பு

லூயிசாவின் வரலாற்றில் திறனாய்வாளர் நின்று நோக்க வேண்டிய இடம் 1889ஆம் ஆண்டின் புறக்கணிப்பே. ‘விடியல்’ அலுவலகம் அப்போது ஏறத்தாழப் பத்துப் பெண்களுக்கு முழுநேரமாகவோ பகுதிநேரமாகவோ வேலை கொடுத்தது. எழுத்துக் கோப்பதும் அவர்களே. அச்சிடுவதும் மடித்து அனுப்புவதும் அவர்களே. நியூ சவுத் வேல்ஸ் அச்சுக்கோப்போர் சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்பதில்லை. உறுப்பினரல்லாதார் கோத்த இதழ் என்பதால் ‘விடியலை’ப் புறக்கணிக்குமாறு சங்கம் தன்னோடு இணைந்த அமைப்புகளையும் கேட்டுக்கொண்டது. அப்பெண்களை வேலையினின்று நீக்குவதொன்றே அதற்கு ஏற்புடைய தீர்வாயிருந்தது.

சங்கத்தின் அச்சம் வெறுங்கற்பனை அன்று என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1872இல் அச்சுக்கோப்போர் வேலைநிறுத்தம் செய்தபோது, முதலாளிகள் குறைந்த கூலிக்குப் பெண்களைக் கொண்டுவந்து நிறுத்தினர். அங்கு அத்தொழிலில் கூலி மட்டம் தாழ்ந்தது. தொழிலாளர் நினைவில் அது ஆறாத வடு. சிட்னிச் சங்கத்தார் அதனை அறியாதவரல்லர்.

இந்நிலையில்தான் 1889 அக்டோபர் இதழில் புறக்கணிப்பைப் பற்றி லூயிசா எழுதிய தலையங்கம் தனித்து நிற்கிறது. கருணை வேண்டி அவர் எழுதவில்லை. பெண்மையின் மென்மையைச் சாட்சிக்கு அழைக்கவில்லை. தொழிற்சங்கத்தின் மொழியிலேயே சங்கத்தை விசாரிக்கிறார். பெண்கள் குறைந்த கூலிக்கு வேலை செய்து உழைப்பாளர் நலனைக் கெடுக்கின்றனர் என்று சங்கம் கூறியிருந்தால், அது வாதிடத்தக்க காரணம் என்பதை அவரே ஒத்துக்கொள்கிறார். சங்கம் அவ்வாறு கூறவில்லை. பெண்கள் போட்டியாக வருவதையே எதிர்த்தது என்பது அவர் குற்றச்சாட்டு. உழைப்பாளரைக் காக்கத் தோன்றிய அமைப்பு, தன் உறுப்பினரின் நலனை மட்டும் காக்கும் அமைப்பாகத் தன்னைத் தானே அறிவித்துக்கொண்டது என்கிறார். திரண்ட உழைப்பும் திரண்ட முதலைப் போலவே தன்னலமும் அதிகாரமும் கொண்டு மெலியாரை மிரட்டும் என்பது அவருடைய முடிவு.

இத்தலையங்கத்தில் வாக்குரிமை மையப்பொருள் அன்று. ஆயினும் அவருடைய வாக்குரிமை வாதம் முழுமையும் இதில் அடங்கியுள்ளது. வேலை செய்பவர், ஆனால் வேலைக்கான விதிகளை வகுக்கும் அவையில் உறுப்பினரல்லர். உறுப்பினரல்லாததால் குற்றவாளி, குற்றவாளியாதலால் உறுப்பினராகும் தகுதியும் இல்லை. நாட்டின் சட்டமன்றத்துக்கும் பெண்ணுக்கும் உள்ள உறவு இதுதான். அச்சுக்கோப்போர் சங்கம் அதனைச் சிறிய அளவில் அவர் அலுவலக வாசலிலேயே நடத்திக் காட்டியது. அக்காலப் பெண்ணுரிமையாளருள் பெரும்பாலோர் இவ்வாதத்தை இயற்கை உரிமை என்னும் தத்துவத்திலிருந்து இறக்கினர். லூயிசா அதைத் தொழிற்கூடத்திலிருந்து மேலே ஏற்றினார். அவருடைய உரைநடை இத்தலையங்கத்தில் அடைந்த கூர்மை, அவருடைய கவிதைகள் எவற்றிலும் இல்லை. 1905இல் வந்த அவரது கவிதைத் தொகுதி நேர்மையானது. ஆனால் அந்நாளைய பிரிட்டிஷ் கவிதையின் பழகிய ஓசைக்குள் அடங்கியது.

லண்டனில் எமிலி ஃபெயித்ஃபுல் 1860இல் நிறுவிய விக்டோரியா அச்சகம் இவ்வகையில் லூயிசாவுக்கு முன்னோடி. பெண் அச்சுக்கோப்போரைப் பயிற்றுவித்த அவ்வச்சகமும் ஆண் தொழிலாளரின் பகையைச் சந்தித்தது. ஆனால் எமிலிக்குப் பின்னால் லண்டன் சீர்திருத்தக் குழாம் நின்றது. 1862இல் அரசியாரின் அச்சாளர் என்னும் பட்டமும் கிடைத்தது. லூயிசாவுக்குப் பின்னால் நின்றோர் மூன்று பென்சு கொடுத்து இதழ் வாங்கிய பெண்கள். புறக்கணிப்பு ‘விடியலை’ வீழ்த்தவில்லை என்பதற்கு அவர்களே காரணம்.

சங்கத்தின் அச்சாளர்

1889இல் லூயிசா ‘விடியல் மன்றம்’ ஒன்றைத் தொடங்கினார். பெண்கள் கூடிப் பேசவும் மேடையில் பேசிப் பழகவும் அது இடமளித்தது. 1891இல் நியூ சவுத் வேல்ஸ் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானபோது, லேடி விண்டேயர், ரோஸ் ஸ்காட், டோரா மாண்டிஃபியோர் முதலியோருடன் லூயிசாவும் அதன் அவையில் இடம்பெற்றார். சங்கத்தின் அறிக்கைகளை ‘விடியல்’ அச்சகம் அச்சிட்டுக் கொடுத்தது. 1893இல் கருத்து வேறுபாடுகளால் அவர் அவையிலிருந்து விலகினார்.

இவ்விலகலை அவருடைய கடுஞ்சினத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும் போக்கு உண்டு. எளிதில் பழக முடியாதவர் என்பது உண்மைதான். ஆனால் வேறொன்றையும் இணைத்துக் காணவேண்டும். சங்கத்தின் தலைமை வுல்லாராவின் விருந்தறைகளில் கூடிய கல்வியும் செல்வமும் உடைய பெண்களிடம் இருந்தது. ரோஸ் ஸ்காட்டின் பேருழைப்பைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. சட்டமன்ற உறுப்பினர்களைத் தம் வீட்டுக்கு வரவழைத்து வாதிட்டு வென்றவர் அவர். ஆனால் அவ்வறையில் லூயிசாவின் இடம் எது? கூலி கொடுத்து ஆள்வைத்துத் தொழில் நடத்தும், பள்ளிக் கல்வி குறைந்த, கணவனைப் பிரிந்த பெண். சங்கத்தின் துண்டறிக்கைகளுக்கு எழுத்துக் கோத்த கைகள் அவருடைய அலுவலகத்துக் கைகள். வாக்குரிமை வரலாறு எழுதப்பெற்றபோது தீர்மானம் எழுதியவர் பெயர்கள் நின்றன. அச்சிட்டவர்கள் ‘ஆதரவு நல்கினோர்’ ஆயினர். யூருண்டரி அஞ்சலகத்தின் கதை இங்கே மீண்டும் நடந்தது எனலாம்.

மகனின் புகழ் அதனினும் பெரிய திரை. ஹென்றி லாசனின் ‘மந்தையோட்டியின் மனைவி’ 1892இல் ‘புல்லட்டின்’ இதழில் வெளிவந்து ஆஸ்திரேலிய இலக்கியத்தின் அடையாளக் கதைகளுள் ஒன்றாயிற்று. கணவன் இல்லாத குடிசையில், பாம்புக்குக் காவலாகப் பிள்ளைகளுடன் இரவு முழுதும் விழித்திருக்கும் அப்பெண்ணில் லூயிசாவின் சாயலைக் காணாத திறனாய்வாளர் இல்லை. ஆனால் அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1889இல், புதர்க்காட்டுப் பெண்ணைப் பற்றி லூயிசா எழுதிய கட்டுரை பாஸ்டனின் ‘உமன்ஸ் ஜர்னல்’ இதழில் வந்துவிட்டது. இரண்டையும் அருகில் வைத்துக் காண்பது பயனுடையது. மகனின் கதையில் அப்பெண் மௌனமாகத் தாங்குபவள். அவளுடைய தாங்கும் திறமே கதையின் அழகு. தாயின் கட்டுரையில் அதே பெண்ணின் உழைப்பு கணக்கிடப்படுகிறது, அவள்மேல் நிகழும் கொடுமை பெயர்சொல்லிக் கூறப்படுகிறது. கதை கலையில் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அழகியல் அமைதிக்காக அக்கதை எதை வெளியே விட்டது என்பதைத் தாயின் கட்டுரை காட்டிவிடுகிறது. ஹென்றியின் முதல் நூல் 1894இல் இக்கதையையும் உள்ளடக்கி வெளிவந்தபோது, அதனை அச்சிட்டுப் பதிப்பித்தவர் லூயிசாவே. அந்நூலின் மட்டமான தாளையும் அச்சுப்பிழைகளையும் இலக்கிய வரலாறு தவறாது குறிக்கிறது. அவர் அச்சகம் பற்றி இலக்கிய வரலாற்றில் நிலைத்த செய்தி பெரும்பாலும் அதுவொன்றே.

சட்டத்தின் ‘ஆஸ்திரேலியப் பெண்’

‘விடியலின்’ துணைத்தலைப்பு அதனை ஆஸ்திரேலியப் பெண்களின் இதழ் என்றது. புலம்பெயர்ந்த தமிழ் வாசகர் இத்தொடரின் எல்லையைக் கேட்காமல் செல்ல இயலாது. 1902 ஜூனில் கூட்டாட்சி நாடாளுமன்றம் நிறைவேற்றிய வாக்குரிமைச் சட்டம், பெண்களுக்கு வாக்களிக்கவும் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடவும் உரிமை தந்தது. அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஆஸ்திரேலியத் தொல்குடியினரையும் ஆசியா, ஆப்பிரிக்கா, நியூசிலாந்து நீங்கலான பசிபிக் தீவுகள் ஆகியவற்றின் பூர்வகுடியினரையும் வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கியது. மாநில அளவில் முன்பே உரிமை பெற்றிருந்தோருக்கு மட்டும் அரசமைப்பின் 41ஆம் பிரிவு சிறு வாயில் விட்டது. ஒரே சட்டம் ஒரு பெண்ணுக்குக் கதவைத் திறந்து, மற்றொரு பெண்ணுக்கு அதனைத் தாழிட்டது.

பின்னர் 1925இல் வந்த திருத்தம் பிரித்தானிய இந்தியாவில் பிறந்தோர்க்கு விலக்கை நீக்கியது. சட்டத்தின் சொற்களை இங்கு நுணுகிப் பார்க்கவேண்டும். அந்நாளில் இலங்கை பிரித்தானிய இந்தியாவின் பகுதியன்று. தனி ஆட்சிக்குட்பட்ட குடியேற்றநாடு. ஆகவே சட்டத்தின் எழுத்தின்படி, தஞ்சாவூரில் பிறந்த தமிழ்ப் பெண்ணும் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழ்ப் பெண்ணும் ஒரே சிட்னியில் வெவ்வேறு நிலையினர் ஆயினர். ஆஸ்திரேலியத் தொல்குடியினர் அனைவரும் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமைபெற 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்விலக்குக்கு லூயிசா தனிப் பொறுப்பாளர் அல்லர். சட்டம் செய்தவர் அவர் அல்லர். ஆனால் அச்சுக்கோப்போர் சங்கத்தின்மேல் அவர் 1889இல் வைத்த குற்றச்சாட்டு, அவர் பாடுபட்ட இயக்கத்தின் வெற்றிக்கும் பொருந்துகிறது: அனைவரையும் காக்கத் தோன்றிய அமைப்பு, தன் உறுப்பினரை மட்டும் காக்கும் அமைப்பாதல். அந்த அளவுகோலை வெளியிலிருந்து கொண்டுவரத் தேவையில்லை. அவரே செய்து வைத்துச் சென்றது அது. இதனாலேயே அத்தலையங்கம் அவருடைய மற்ற எழுத்துகள் அனைத்தினும் வலிமை உடையதாகிறது.

இறுதி ஆண்டுகள், எஞ்சிய ஆவணம்

1900இல் டிராம் வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்டு லூயிசா முதுகிலும் முழங்காலிலும் அடிபட்டார்; நெடுநாள் படுக்கையில் கிடந்தார். அஞ்சற்பைகளின் வாயை மூடிப் பூட்டும் கொக்கி ஒன்றை அவர் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றிருந்தார். அதன் உரிமையைப் பற்றிய நீண்ட வழக்கு அவருடைய பணத்தையும் உடல்நலத்தையும் தின்றது. 1905இல் ‘விடியல்’ நின்றது. 1920 ஆகஸ்ட் 12ஆம் நாள் கிளேட்ஸ்வில் மனநல மருத்துவமனையில் அவர் காலமானார். 1975இல் ஆஸ்திரேலிய அஞ்சல்துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

பிரையன் மேத்யூஸ் 1987இல் எழுதிய வாழ்க்கை வரலாறு இவ்வெல்லாவற்றையும் ஒரு விநோதமான உத்தியால் எதிர்கொண்டது. சான்றுகள் கிடைக்காத இடங்களில், ஓவன் ஸ்டீவன்ஸ் என்னும் கற்பனை உடனாசிரியரை உள்ளே விட்டு, ஊகத்தை ஊகமென்றே அறிவித்து எழுதினார். அவ்வுத்தி பாராட்டும் பெற்றது, சலிப்பும் பெற்றது. லூயிசாவின் உள்ளத்தைப் பற்றிய சான்று குறைவு என்பதில் மேத்யூஸ் சொன்னது சரியே. ஆனால் அவருடைய தொழிலைப் பற்றிய சான்று குறைவன்று. 17 ஆண்டு இதழ்கள், விளம்பரங்கள், சந்தாதாரருக்கு விடுத்த வேண்டுகோள்கள், அச்சக அறிவிப்புகள் எல்லாம் உள்ளன. கற்பனை உடனாசிரியரைத் தேடும் இடத்தில் விளம்பரப் பக்கத்தைப் புரட்டியிருக்கலாம் என்று தோன்றுவது இயல்பே.

முன்சொன்ன தொகுப்பு 1895ஆம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. குடிவரவைத் தடுத்த 1901ஆம் ஆண்டுச் சட்டமும், 1902இன் இரு வாக்குரிமைச் சட்டங்களும் வந்த ஆண்டுகள் அதற்கு அப்பால் உள்ளன. அவ்விதழ்கள் இன்று எவரும் திறந்து படிக்கத்தக்க நிலையில் இருக்கின்றன. ஆசியப் பின்புலமுடைய ஆய்வாளர் ‘விடியலை’ வாசிக்கத் தொடங்குவதற்கு உரிய இடம், தொகுப்பாளர் நிறுத்திய அந்த இடமே.